வழக்கமானது, அரை கிலோ

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, விளக்கைப் போடு என்றால் போட்டு, மழை வருமா என்று கேட்டால் வரும் என்று பதில் சொல்கிற பெட்டிக்கு, அந்த வீட்டில் என்ன காப்பி குடிக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கும் என்று நான் நம்பினேன். யாரும் அப்படிச் சொல்லி என்னை ஏமாற்றவில்லை. நானாகவே நம்பினேன். ஐம்பத்து மூன்று வயதில், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நன்றாக விழித்திருக்கும்போது நம்பினேன்.

எங்களுக்கு மல்லேஸ்வரத்தில் காப்பிப்பொடிக் கடை. அப்பா ஆரம்பித்தது. கீழே கடை, மாடியில் வீடு. கடையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு அரைக்கும் மிஷின், ஒரு தராசு, கொட்டை போட்டு வைக்கும் டப்பாக்கள், நான். இதில் விலை உயர்ந்த சரக்கு நான்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் இருக்கிறது. எங்கள் வாடிக்கைக்காரர்கள் வந்து நின்று இன்ன கலவை வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். "அரை கிலோ" என்பார்கள். சிலர் அதையும் சொல்ல மாட்டார்கள், பையை மட்டும் நீட்டுவார்கள். முகத்தைப் பார்த்ததும் என் கை தானாக டப்பாவுக்குப் போகும். நாய் வீட்டுக்கு எழுபது முப்பது, அதாவது எழுபது பங்கு காப்பி, முப்பது பங்கு சிக்கரி. இரட்டைப் பிள்ளை வீட்டுக்கு அறுபது நாற்பது, அதற்குமேல் கொஞ்சம் கருக வறுத்தது. கணக்கு வாத்தியாருக்கு எண்பது இருபது, கொரகொரவென்று. இப்படி முன்னூறு வீடாவது இருக்கும். ஒன்றும் எழுதி வைத்ததில்லை. எழுதி வையுங்கள் என்று என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறாள். எழுதி வைத்தால் அப்புறம் நான் எதற்கு என்று கேட்பேன். அதையேதான் நானும் யோசிக்கிறேன் என்பாள்.

என் குணத்தில் இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் உதவும். சிக்கரி விற்றுத்தான் நான் பிழைக்கிறேன். ஆனாலும் யாராவது சிக்கரியைக் கூட்டிப் போடச் சொன்னால் என் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். திட்ட மாட்டேன், அறிவுரை சொல்ல மாட்டேன். புருவம் மட்டும் கொஞ்சம் மேலே போகும். அது எனக்குத் தெரியவே தெரியாது. மனைவி சொல்லித்தான் தெரியும். "உங்களைப் பார்த்தா ஏதோ அவங்க கோயில்ல செருப்போட நுழைஞ்ச மாதிரி இருக்கு" என்பாள்.

சுத்தக் காப்பிக்கு எங்கள் கடையில் ஒரே ஒரு சிம்மாசனம் உண்டு. பூங்காவுக்கு எதிர் வீட்டு மேடம். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மாமனார் என் அப்பாவிடம் பாதி பீபெரிக் கொட்டை, பாதி பிளான்டேஷன் கொட்டை, சிக்கரி ஒரு சிட்டிகை கூட வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லி வைத்தவர். அது எங்கள் கடையின் சட்டம். அந்தப் பக்கத்தில் காலையில் பூங்காவைச் சுற்றி நடக்கிற பெண்கள் எல்லோரும் மேடம் எந்தக் கடையில் வாங்குகிறாரோ அங்கேதான் வாங்குவார்கள். அவர் இன்னொரு கடைக்குப் போனால் அந்த நடைக்கூட்டம் மொத்தமும் பின்னாலேயே நடந்து போய்விடும். மேடம் வருவது செவ்வாய்க்கிழமைகளில். அன்று நான் வறுத்த கொட்டை எடுக்க யஷ்வந்த்பூர் பக்கம் போய்விடுவேன், கடையில் மனைவி இருப்பாள். மேடத்துக்குச் செவ்வாய் கோயிலுக்கு வரும் நாள், அப்படியே கடைக்கும் வந்து போகிறார் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். முன்பெல்லாம் எந்தக் கிழமையிலும் வருவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு டெங்கு வந்து மூன்று வாரம் மாடியில் படுத்துக் கிடந்தேன், கடையை மனைவிதான் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மேடம் செவ்வாய்க்கு மாறினார். வயதாக ஆக பக்தி வருவது சகஜம்தானே என்று விட்டுவிட்டேன்.

இந்த ராஜாங்கத்துக்குள்தான் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு பெண் லேப்டாப்போடு வந்தாள். பேசும் பெட்டிக் கம்பெனிக்காரி. கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் இரண்டு மணி நேரப் பயணம். ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்திருக்கிறாளே என்பதற்காகவே பாதி சம்மதித்துவிட்டேன். மீதிப் பாதியை அவள் ஒரு தாளில் முக்கோணம் வரைந்து வாங்கினாள்.

"இங்க யூசர். இங்க எங்க பெட்டி. இங்க நீங்க, பார்ட்னர்" என்று மூன்று மூலையையும் தொட்டுக் காட்டினாள். "ஒவ்வொருத்தரும் ஏதோ ஒண்ணு கொண்டு வர்றீங்க, அங்கிள். மூணும் சேர்றப்பதான் வேல்யூ."

யூசர் என்ன கொண்டு வருகிறார் என்று கேட்டேன். அவங்க பழக்கத்தை, என்றாள். நீங்கள்? எல்லாரையும் இணைக்கிறதை. அப்போது நான் என்ன கொண்டு வருகிறேன் என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முன்னூறு வீட்டு நாக்கு என் தலைக்குள் இருக்கிறது, அதை எந்த அழகான வார்த்தையில் சொல்லப்போகிறாள் என்று பார்க்க ஆசை. அவள் கடையை ஒரு சுற்று பார்த்தாள்.

"காப்பிப்பொடி, அங்கிள்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்து, என்னென்ன பொருள் விற்கிறீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், பதிவு செய்ய வேண்டும் என்றாள். இதற்கு நான் என்ன சொல்வது? இது இட்லி, வடை, பொங்கல் என்று ஒப்பிக்கிற கடையா? வீட்டுக்கு ஒரு கலவை. ரொம்ப யோசித்து, எங்கள் கடையில் உண்மையிலேயே விற்கிற ஒரே பொருளின் பெயரைச் சொன்னேன். வழக்கமானது. கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ.

அவள் விரல் தயங்கியது. ஒரே ஐட்டமா, யூசருக்குப் புரியுமா என்றாள். யூசருக்கு அவரவர் வழக்கம் தெரியாதா, உங்கள் பெட்டிக்குத்தான் தெரிய வேண்டும் என்றேன். அதற்கு அவள், "சிஸ்டம் போகப் போகக் கத்துக்கும், அங்கிள்" என்றாள். கற்றுக்கொள்ளும் என்று அவள் சொன்னது என் காதுக்குள் போகும் வழியிலேயே கற்றுக்கொண்டாகிவிட்டது என்று ஆகிவிட்டது. அவ்வளவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெட்டி, காலையும் மாலையும் காப்பிப் பேச்சுதானே கேட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

மனைவி மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எல்லார் வீட்டுக்கும் ஒரே பேரா?" என்றாள். உனக்கு டெக்னாலஜி புரியாது என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை எனக்குப் பதிலாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பண்டிகை சமயத்தில் தொடங்கினால் நல்ல வரவேற்பு இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னதால், வரமகாலட்சுமி விரதத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலையில், தொடங்கினோம். ஒரு வாரம் முன்பிருந்தே கடை வாசலில் என் கையெழுத்தில் பலகை: இனி வரிசையில் நிற்க வேண்டாம். வீட்டுப் பெட்டியிடம் "வழக்கமானது" என்று சொன்னால் போதும். வருகிறவர்களிடமெல்லாம் வாயாலும் சொன்னேன். அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்து நானே ரசித்தேன்.

மல்லேஸ்வரத்தில் அந்த வியாழக்கிழமை வெளியே இறங்குவது என்பது ஒரு வேண்டுதல் மாதிரி. எட்டாவது கிராஸ் தெரு முழுக்கத் தாமரை, தாழம்பூ, வாழைக்கன்று, அதை வாங்க வந்த சனம், அந்தச் சனத்தை வெறுத்துக்கொண்டே அதற்குள் வண்டி ஓட்டுகிற இன்னொரு சனம். எனவே பெட்டி வைத்திருந்த எல்லோரும் வீட்டிலிருந்தபடியே என் பலகைக்குக் கீழ்ப்படிந்தார்கள்.

கம்பெனி கொடுத்த டேப்லெட் பாடியது. "பார்ட்னரே, புதிய ஆர்டர்." வழக்கமானது, அரை கிலோ. யார் என்று பார்த்தேன். எண் மட்டும் இருந்தது. மறுபடி பாடியது. வழக்கமானது, கால் கிலோ. எண். வழக்கமானது, ஒரு கிலோ. எண். ஒவ்வொரு ஆர்டருக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவப்பாகிக்கொண்டிருந்தது.

எலெக்ட்ரானிக் சிட்டிப் பெண்ணைப் போனில் பிடித்தேன். கேட்டது யார் என்று காட்டவில்லையே என்றேன். அது யூசர் பிரைவசி, காட்ட மாட்டோம் என்றாள்.

"எனக்கு அவங்களை முப்பது வருஷமாத் தெரியும்மா."

"அதனாலதான் அங்கிள்" என்றாள். இதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை, ஆனால் ஏதோ வலித்தது. சரி, அவர்கள் வழக்கம் என்னவென்றாவது உங்கள் பெட்டி சொல்லுமா என்றேன். பார்ட்னர் சைடில் என்ன பதிவாகியிருக்கிறதோ அதைத்தான் பெட்டி சொல்லும், நீங்கள் வழக்கமானது என்று போட்டிருக்கிறீர்கள் என்றாள். அதாவது நான் பெட்டிக்குத் தெரியும் என்று நினைத்தேன், பெட்டி எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறது. எங்கள் முக்கோணத்தில் மூன்றாவது மூலையில் இருந்தவர்களோ, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும் என்று நம்பிக் குளிக்கப் போயிருந்தார்கள்.

அப்போதே பலகையைக் கழற்றிவிட்டுக் கடையைச் சாத்தியிருக்கலாம். புத்தியுள்ளவன் செய்வான். நான் துப்பறிய ஆரம்பித்தேன். காலை ஆறே முக்காலுக்குக் கால் கிலோ கேட்கிறவர் யார்? சீக்கிரம் எழுகிறவர். தனி ஆள். ஆகவே கணக்கு வாத்தியார். எண்பது இருபது, கொரகொர. ஒரு கிலோ கேட்டவர்? விருந்தாளி வந்திருக்க வேண்டும், ஆகவே இரட்டைப் பிள்ளை வீடு. இந்த மாதிரி ஏழு பொட்டலம் அனுப்பினேன். நெற்றியில் வேர்வை. ஒவ்வொன்றும் வாசலைத் தாண்டும்போது ஒரு வாடிக்கைக்காரரை வழியனுப்பி வைக்கிற மாதிரி இருந்தது.

எட்டாவது பொட்டலத்தை எடுக்க வந்த டெலிவரிக்காரர் என் வயதுக்காரர். வீடு ஆஸ்டின் டவுனில். முன்பு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது முதுகில் பையோடு ஸ்கூட்டர். வண்டி முன்னால் சின்னதாக ஒரு மாதா படம். நான் மிஷினுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை, யோசிக்கிறேன் என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"என்னா குரு, இவ்ளோதானா? எடுத்துட்டேன்னு நான் பட்டனைத் தட்டினா எனக்கு அட்ரஸ் வந்துரும். வீட்டை நான் சொல்றேன், பொடியை நீ சொல்லு."

தட்டினார். விலாசத்தைப் படித்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால், முதல் மாடி, நீல கேட்.

"நாய் வீடு" என்றேன். உடம்பில் ரத்தம் திரும்ப ஓடியது. "எழுபது முப்பது."

"நாயைப் பத்தி இதுல ஒண்ணும் போடலையே."

"இருக்கு. கேட்டைத் திறக்காம கூப்பிடுங்க."

அப்புறம் வந்த டெலிவரிக்காரர்களுக்கெல்லாம் அவரே விளக்கம் சொன்னார், ஒருவருக்குக் கன்னடத்தில், ஒருவருக்கு உருதுவில். என் கடை வாசலில் ஐந்தாறு பேர், எடுக்காத பொட்டலத்தை எடுத்துவிட்டதாகப் பட்டனைத் தட்டிவிட்டு, ஏலம் போடுகிற மாதிரி விலாசத்தைக் கத்தினார்கள். நான் உள்ளேயிருந்து, மாடிப்படி வீடா, சங்கீதக்கார வீடா என்று திருப்பிக் கத்தினேன். கம்பெனிக்காரர்களின் திரையில் பொட்டலங்கள் எல்லாம் வழியில் போய்க்கொண்டிருந்தன. உண்மையில் அவை என் மிஷினுக்குள் கொட்டையாகவே இருந்தன. அவர்கள் சொன்ன வேல்யூ இதுவாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது: அவர்கள் மறைத்ததை நாங்கள் கூடிக் கண்டுபிடிப்பது.

பதினொரு மணிக்கு ஆஸ்டின் டவுன்காரர் அடுத்த நடைக்கு வந்து பட்டனைத் தட்டிப் படித்தார். பூங்காவுக்கு எதிரே, மாடி இல்லாத பழைய வீடு, கேட்டுக்குப் பக்கத்தில் பவழமல்லி.

மேடம்.

ஒரு கிலோ. எனக்குக் காரணம் தெரியும். மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டில் தாம்பூலம். வருடா வருடம் நாற்பது பெண்களாவது வருவார்கள், நடைக்கூட்டம் மொத்தமும் உட்பட. சுண்டல், அதன்பின் காப்பி. அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு எங்கே வாங்கினது என்று கேட்டு வந்தவர்களால்தான் என் கடையில் பாதி வியாபாரம். அன்று காலையிலிருந்து நடந்த கூத்தில் இந்தப் பொட்டலம் முதல் ஏழு பொட்டலம் போலக் குருட்டாம்போக்கில் போகாமல் என் கையில் நிச்சயமாகச் சிக்கியதற்கு மாதா படத்துக்கும் மகாலட்சுமிக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். டப்பாவின் அடியிலிருந்து நல்ல பீபெரியாகப் பொறுக்கினேன். மிஷினைத் துடைத்துவிட்டு, முன்னால் அரைத்ததன் சிக்கரி வாசனை போவதற்காக ஒரு கை கொட்டையை அரைத்துக் கீழே கொட்டிவிட்டு, அப்புறம் அரைத்தேன். சுத்தம். எலெக்ட்ரானிக் சிட்டிப் பெண்ணின் முக்கோணத் தாள் பையில் இருந்தது, அதன் பின்பக்கத்தில் இந்த ஆர்டரின் எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்த பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

அன்று மொத்தம் பத்தொன்பது ஆர்டர். இரவு சாப்பிடும்போது எத்தனை புகார் வரும் என்று மனைவி கேட்டாள். ஏழு வரலாம், ஒரு வீட்டிலிருந்து மட்டும் வரவே வராது என்று பெருமையாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை வரவில்லை. பத்து மணிக்கு வரவில்லை. பண்டிகை நாள், பன்னிரண்டு மணிக்குப் பாதி ஷட்டரை இறக்கினேன், அப்போதும் ஒன்றும் வரவில்லை. கணக்கு வாத்தியார் என்று நான் நினைத்தவர், அவர் யாராக இருந்தாலும், கொரகொரப் பொடியைக் குடித்துவிட்டு நிம்மதியாக இருந்தார். மூன்று மணிக்குச் சரிகை வேட்டி கட்டிக்கொண்டு டேப்லெட்டை அணைக்கக் கீழே வந்தேன். அப்போது பாடியது.

"பார்ட்னரே, ஒரு புகார்." யாரோ பெட்டியிடம் வாயால் சொன்னதை அது எழுத்தாக மாற்றிக் காட்டியது. இது எங்க வழக்கமானது இல்லை.

அந்த ஏழில் ஒன்று, எதிர்பார்த்ததுதான் என்று எண்ணைப் பார்த்தேன். தாளை எடுத்துப் பார்த்தேன். மறுபடி எண்ணைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதே எண்.

என் பதற்றத்தைப் பற்றி நானே சொல்வது அவ்வளவு அழகாக இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். அடுத்த ஒரு நிமிடத்தில் என் கடைக்கு வாடகைக்கு என்று பலகை மாட்டியாகிவிட்டது. நாற்பது பெண்களும் முதல் வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்கள். மேடத்தின் மாமனார் படத்திலிருந்து என் அப்பாவின் படத்தை முறைத்தார். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ ஒரு கட்டிட வாசலில் செக்யூரிட்டி உடுப்பில் நின்றுகொண்டிருந்தேன், அந்த லேப்டாப் பெண் போகும்போதும் வரும்போதும் அங்கிள் என்றாள். டெலிவரியில் மாறியிருக்க வேண்டும், நாய் வீட்டுப் பொட்டலம் மேடத்துக்குப் போயிருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்று முடிவு செய்தேன். மிஷினைப் போட்டேன். மறுபடி பீபெரி, மறுபடி பிளான்டேஷன், ஒரு கிலோ. சூடு ஆறாத பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மாடியைப் பார்த்து "மேடம் போயாச்சு" என்று கத்திவிட்டு ஓடினேன். மனைவி இதைக் கேட்டு யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னாள்.

சம்பிகே ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. நானும் நகரவில்லை. சரிகை வேட்டியோடு ஓடுகிற மனிதனுக்கு வழி விடுவதைவிட அவனை வேடிக்கை பார்ப்பது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. ஒரு வாழைக்கன்று என் கண்ணாடியைத் தட்டிவிட்டது. பூக்காரி ஒருத்தி, முகூர்த்தம் தப்பிப்போச்சா என்று கன்னடத்தில் கேட்டாள். பூங்காவுக்கு எதிர் வீட்டை அடைந்தபோது மணி நாலு.

மேடம் கதவைத் திறந்தார். பட்டுப்புடவை. பின்னால் கூடத்தில் கலசத்துக்கு முகம் வைத்து, நகை போட்டு, பூ சுற்றி மகாலட்சுமி. பக்கத்து அலமாரியில் அந்தப் பேசும் பெட்டி. அதற்கும் யாரோ ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். பொட்டலம் மாறிவிட்டது, இதோ உங்களுடையது, என் கையாலேயே அரைத்தது என்றேன். மேடம் வாங்கி, ஓரத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"இது நேத்து வந்ததேதானே?"

இருக்க முடியாது, இது சுத்தம், சிக்கரி ஒரு சிட்டிகை கிடையாது என்றேன். உள்ளே யாரோ பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. மேடம் கதவைக் கொஞ்சம் சாத்திக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, வீட்டில் அவங்க வரலையா என்று என் மனைவியைப் பற்றிக் கேட்டார். ஏன் கேட்கிறார் என்று புரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, கேட்டருகே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

ஆஸ்டின் டவுன்காரர். முதுகுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, என் தோளுக்கு மேலாக மேடத்திடம் நீட்டினார். "புகாரைப் பார்த்துட்டுக் கடையிலேருந்து அம்மா கூப்பிட்டுக் குடுத்தாங்க. உங்க வழக்கமானதுன்னு சொல்லச் சொன்னாங்க" என்றார். என்னைப் பார்த்து, "குரு, நீ ஏன் நடந்து வந்தே?" என்றார்.

மேடம் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தார். எனக்கும் வாசனை வந்தது. முப்பது வருடமாக இதே தொழில். எண்பது இருபது. சிக்கரி இருபது.

என் புருவம் மேலே போயிருக்க வேண்டும்.

"இதோ, இதுதான்" என்று மேடம் என் நெற்றியைச் சுட்டிக் காட்டினார். "இந்த மூஞ்சிக்குப் பயந்துதான் சார், நான் செவ்வாய்க்கிழமை வர்றது."

அதற்குமேல் அவர் சொன்னதை நானே சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சுத்தக் காப்பி மாமனாருக்குப் பிடித்தது. மேடத்துக்கு அது எப்போதும் தண்ணீர் மாதிரி இருந்தது, டிகாக்‌ஷனில் பிடிப்பே இல்லை. மாமனார் போன பிறகும் என்னிடம் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. எனக்கு டெங்கு வந்த வாரம், கடையில் என் மனைவியைப் பார்த்ததும், கொஞ்சம் சிக்கரி போட்டுக் கொடும்மா, அவருக்குச் சொல்லாதே என்றார். மனைவி போட்டுக் கொடுத்தாள். பத்து போதவில்லை, முப்பது தூக்கலாக இருந்தது, இரண்டு பேருமாகப் பேசிப் பேசி இருபதில் வந்து நின்றார்கள். நாற்பது பெண்களும் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் குடித்துவிட்டு எங்கே வாங்கினது என்று கேட்டது அதைத்தான்.

திரும்பி வரும்போது ஆஸ்டின் டவுன்காரர் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். அவருடைய டெலிவரிப் பை எனக்கும் அவருக்கும் நடுவில். வழியில் அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார். அவர் வீட்டில் என்ன கலவை குடிக்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு, நாங்க டீ, குரு என்றார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மனைவியிடம் கேட்டேன். அவள் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சொல்லாதேன்னாங்க. எனக்கு என்ன, யூசர் பிரைவசி" என்றாள். வழக்கமானது என்று நான் போட்டிருந்ததை அழித்துவிட்டு, தொண்ணூறு பத்து, எண்பது இருபது, எழுபது முப்பது என்று வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தாள். சுத்தம் என்பது கடைசியில் இருந்தது.

மேடம் இப்போது கடைக்கு எந்தக் கிழமையிலும் வருகிறார், மிளகு சீரகம் வாங்கப் போகும் வழியில் என் மனைவியோடு பேசிவிட்டுப் போக. பொடியைக் கடையில் கேட்பதில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை தன் கூடத்தில் நின்று, மாமனார் படத்துக்கு எதிரே, எண்பது இருபது, அரை கிலோ என்று பெட்டியிடம் சத்தமாகச் சொல்கிறார். அந்தப் பெட்டிக்குப் புருவம் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டிப் பெண் போன மாதம் போன் செய்து, நம் கூட்டணியில் உங்களுக்குக் கிடைத்த வேல்யூ என்ன, இரண்டு வரியில் சொல்லுங்கள் அங்கிள் என்று கேட்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். அன்று பத்தொன்பது பொட்டலம் போயிற்று. ஏழு, யாருக்கு என்றே தெரியாமல் போனது. அவற்றில் ஒன்றுக்கும் புகார் வரவில்லை. நிச்சயமாகத் தெரிந்து, மிஷினைத் துடைத்து, என் கையாலேயே பொறுக்கி அரைத்து அனுப்பியது ஒன்று. அது மட்டும்தான் தவறு.